கமராவை மறைத்த விரல்

பஸ் புத்தூர்ச் சந்தியைத் தாண்டியதும், எனக்கு முன்சீற்றில் இருந்த இரண்டு உயர்தர வகுப்பு மாணவிகளில் ஒருத்தி திடீரெனக் கோபப்பட்டாள்.

“தொடாமலே லொறியைத் தூக்கிறானாம். ஆனா கமராவை மட்டும் கடைசிவரைக்கும் கையிலை பிடிச்சுக்கொண்டு திரியிறான், விசரன்!”

முதல்நாள் பார்த்த படத்தைப் பற்றிய கதை அது. மூன்று மாணவர்களுக்கு அதிசய சக்தி கிடைக்கிறது. அவர்களில் ஒருவன் எடுத்த வீடியோதான் முழுப்படமும்.

“அவன்தானேடி படம் எடுக்கிறான், பிடிக்காமல் என்ன செய்யிறது?” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“அதை அந்தரத்திலை நிக்க விட்டிட்டு, அவனும் வந்து மற்றவங்களோடை நிண்டிருக்கலாந்தானே? ஒருக்காக்கூட அவன்ரை முகத்தைக் காட்டேல்லை.”

“உதுக்கேன் உனக்கு இவ்வளவு கோவம்?”

“நான் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டு வீடியோ அண்ணைதான் எடுத்தவர், லண்டன் மாமிக்கு அனுப்ப. ரெண்டு மணித்தியாலமும் ‘தங்கச்சி, இஞ்சை பார், சிரி’ எண்டு குரல் மட்டும் கேக்கும். ஆளைக் காணேலாது.”

மற்றவள் குரலைத் தாழ்த்தினாள். “களவாக் கப்பலிலை அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்ட பிறகு அவர் போனிலை கதைக்கவே இல்லையோ?”

“இல்லை. நாலு வருசமா ஒரு தகவலும் இல்லை.”

பஸ் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

“ஆலாத்தி எடுக்கேக்கை அண்ணையின்ரை விரல் கமராவை மறைச்சுப்போட்டுது. வடிவான இடம் பழுதாப்போச்செண்டு அம்மா அண்டைக்கு அவரை நல்லாப் பேசினவ.”

“இப்ப?”

“இப்ப அந்த இடத்திலைதான் நிப்பாட்டி வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பா.”