கதவு வைத்த அறை

— பாம்புக்குப் பால் வார்த்துட்டீங்கக்கா. சத்தியமா சொல்றேன், எனக்கு வயிறு எரியுது.

— எரிஞ்சா தண்ணி குடி. கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்கிற.

— எதை மறைக்கிறேன்?

— ஒண்ணுமில்ல, வெளிச்சத்தை. நீ சொல்லு.

— மேலிடத்துல உங்களை நம்பி, ஆபீஸை உங்க இஷ்டப்படி மாத்துங்கன்னு பொறுப்பைக் கொடுத்தாங்க. நீங்க என்னடான்னா இருக்கிறதுலயே நல்ல ரூமைத் தூக்கி மேனேஜருக்குக் கொடுத்திருக்கீங்க! தேக்குக் கதவு, வெளிச்சத்தம் எட்டாத சுவரு, சாய்ஞ்சுக்கிற நாற்காலி. மாமியார் வீட்டுல மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது.

— கேட்டாரு, கொடுத்தேன். தனி ரூம் வேணும், கதவு வேணும்னு அவரே வாய் விட்டுக் கேட்டாரு.

— கேட்பாரு, கேட்பாரு. நமக்கு இருந்த தடுப்பையெல்லாம் பேத்தெடுத்தவராச்சே அவரு! அத்தனை பேரையும் ஒரே கூடத்துல வரிசையா உட்கார வச்சு, முதுகுக்குப் பின்னாடி வந்து நிப்பாரே...

— 'கண்ணு பட்டாத்தான் கை ஓடும்.'

— ஐயோ, அந்த வசனத்தைச் சொல்லாதீங்க, விரல் மரத்துப் போகுது. யாரோ ஒருத்தரு வீடு எரிஞ்சு போச்சுன்னு இன்ஷூரன்ஸ் கேட்டு எழுதியிருப்பாரு. மேனேஜர் மூச்சு கழுத்துல பட்டுக்கிட்டிருந்தா அதை எங்க படிக்கிறது? ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டே இருப்பேன்.

— என்ன? சத்தமாச் சொல்லுடி. பாத்ரூமுக்குள்ள யாரோ கை காய வைக்கிற மெஷினைப் போட்டுட்டாங்க.

— போகட்டும் விடுங்க. உங்களுக்கு அவரு பண்ணதை விடவா?

— உனக்கு அரைகுறையாத்தான் தெரியும்.

— பாப்பாவுக்கு முடியாமப் போச்சு, அவ்வளவுதான் தெரியும்.

— எம் பொண்ணுக்கு இளைப்பு. வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறேன்னு கேட்டேன். அப்போ ஃபைல் முடிக்கிறதுல இந்த ஆபீஸ்ல நான்தான் முதல். ஜன்னலோர சீட்டு. 'வீட்டுல உட்கார்ந்து வேலை பார்ப்பியா, வெங்காயம் உரிப்பியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுச் சிரிச்சாரு. நீங்க எல்லாரும் சேர்ந்து சிரிச்சீங்க.

— நான் சிரிக்கலைக்கா.

— சரி, நீ சிரிக்கலை. மறுநாளே ஜன்னல் போச்சு. இந்தா, இதே இடத்துல, பாத்ரூம் கதவுக்கு நேரா கொண்டு வந்து போட்டாரு. போறவன் வர்றவன் எல்லாம் நாற்காலியை இடிப்பான். ஏசிக் காத்து உச்சந்தலையில இறங்கும். ஃபைல் கணக்குல முதல்ல இருந்தவ கடைசிக்குப் போனேன். சோம்பேறின்னு எழுதி மேல அனுப்பினாரு. கடைசியில இருக்கிறவங்க போன் அவரு டிராயர்ல இருக்கணும்னு வேற சட்டம்.

— ஆமா, என்னோடதும் ஒரு மாசம் கிடந்துச்சு.

— அன்னைக்கு என் போன் அந்த டிராயருக்குள்ளயே அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுது. அங்க வீட்டுல எம் பொண்ணு உதடு நீலம் பூத்துக் கிடந்தா. பக்கத்து வீட்டம்மா தூக்கிட்டு ஓடலைன்னா... சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுத்தப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'ஓயாம அடிக்குதும்மா, சத்தத்தைக் குறைச்சு வைக்கக் கூடாதா?'

— பாவி மனுஷன்.

— அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த ஆளை அழ வைக்காம இந்த ஆபீஸை விட்டுப் போறதில்லைன்னு. மேலிடத்துக்கு எல்லாத்தையும் எழுதிப் போட்டேன், அதுலதான் இந்தப் பொறுப்பே வந்துச்சு.

— அப்புறம் எதுக்குக்கா ரூமு? இந்த சீட்டுல அவரை உட்கார வச்சிருந்தா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

— போடி. இங்க உட்கார்ந்தா போறவங்க வர்றவங்களைப் பிடிச்சு நிறுத்தி நாட்டாமை பண்ணிக்கிட்டு சொகுசா இருப்பாரு. பொறு, வர்றாரு. முகத்தை மாத்து.

— மேடம், ஒரு நிமிஷம். என்ன சொல்றேன்னா... ரூம் பிரமாதம். குறை சொல்ல வரலை.

— சொல்லுங்க சார்.

— கதவுல ஒரு கண்ணாடி வைக்கலாமா? சின்னதா, உள்ளங்கை அகலத்துக்கு.

— எதுக்கு சார்?

— வெளியில ஆளு நடமாடுறது தெரிஞ்சா போதும். என்ன சொல்றேன்னா, உள்ள உட்கார்ந்தா என் மூச்சுதான் எனக்கே கேக்குது. ஃபைலைத் திறக்கிறேன், மூடுறேன், திரும்பத் திறக்கிறேன்... ஓடலை மேடம்.

— கண்ணாடி வச்சா கவனம் சிதறும் சார்.

— சிதறட்டும் மேடம்! இல்லைன்னா அந்தக் கதவையே கழட்டிடுங்க. கூடத்துல ஒரு ஓரமா ஸ்டூல் போட்டாக்கூட நான் உட்கார்ந்துக்கறேன்.

— 'போட்ட சீட்டு வருஷம் முடியிற வரைக்கும் மாறாது.' இது யாரு போட்ட சட்டம் சார்?

— நான் போட்டதுதான்.

— மத்தவங்களுக்கு அந்தச் சட்டத்தை எடுத்துட்டேன். கேட்டு வாங்கின தனி ரூமுக்கு மட்டும் உங்க ஞாபகமா விட்டு வச்சிருக்கேன். வேணும்னா வீட்டுல இருந்தே வேலை பாருங்களேன், இப்போ எல்லாருக்கும் அனுமதி உண்டே.

— வீட்டுல யாரு இருக்கா மேடம்? சம்சாரம் கோவிச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு. அங்கயும் நாலு சுவருதான்.

— அப்போ ரூம்தான் சார். மாசக் கடைசிக்குள்ள உங்க பங்கு ஃபைல் முடியலைன்னா மேனேஜரா இருந்தாலும் நாற்காலி கிடையாதுன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. நான் வேற சொல்லணுமா?

— தெரியும் மேடம். வர்றேன்.

— கதவை இழுத்துச் சாத்த வேணாம் சார். அது தானா மூடிக்கும்.

— ஐயோ அக்கா! மேடமாம்! அன்னைக்கு உங்களை 'இந்தாம்மா'ன்னு கூப்பிட்ட வாயி. இப்பத்தான் புரியுது, தெரிஞ்சேதான் கொடுத்திருக்கீங்க.

— ஜென்மத்துல ஒரு ஃபைல் முடிச்சதில்லைடி அந்த மனுஷன். அடுத்தவங்க முதுகைப் பார்க்கிறதுதான் அவருக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. ஒரு முதுகுகூட இல்லாத ரூமாப் பார்த்துக் கொடுத்தேன். தண்ணியில இருந்து எடுத்த மீனுக்கு வெள்ளித் தட்டு எதுக்கு ஆகும்?

— உங்களைப் பகைச்சுக்கவே கூடாது சாமி. இந்தாங்க, போன் அடிக்குது.

— சொல்லுடி தங்கம்... ஸ்கூல்ல இருந்து வந்துட்டியா?... உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோ. மருந்து எங்க, பையிலயா? பக்கத்துலயே வச்சுக்கோ... இல்லம்மா, இன்னைக்கும் முடியாது. வேலை கிடக்கு... அழக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம். வச்சிடறேன்.

— பாப்பா தனியாவா இருக்கா?

— பழகிட்டா.

— அக்கா, ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்கக் கூடாது.

— இழுக்காம கேளு.

— உங்க புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம். நான் விடியக்காலையில வீட்டுலயே பாதி ஃபைலை முடிச்சுடறேன். எப்பவும் தூங்கி வழிவாரே நம்ம கணக்குப் பிள்ளை, அவருகூட மொட்டை மாடியில உட்கார்ந்து வெளுத்து வாங்கறாரு. போர்டுல இந்த மாசம் இதுவரைக்குமான கணக்கு ஒட்டியிருக்காங்க, பார்த்தீங்களா? தேறாதவங்க ரெண்டே பேரு. ஒருத்தரு அவரு.

— அதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு.

— இன்னொருத்தர் நீங்கக்கா.

— நானா?

— காலையில திறந்த பக்கம் அப்படியே நிக்குது, பாருங்க. ஜன்னலோரம் காலியாக் கிடக்கு. வீட்டுல பாப்பா பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கலாம், அதுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்ததே நீங்கதான். அப்படியிருக்க தினமும் முதல் ஆளா வந்து, இந்த நாத்தத்துல, இந்தக் குளிர்ல, இதே சீட்டுல ஏன்க்கா உட்கார்ந்திருக்கீங்க?

— இங்க உட்கார்ந்தாத்தான்டி அவரு ரூம் கதவு தெரியும்.