எலும்புக்குத் தெரியணும்

வீரசோழன் போகும் பஸ்ஸில் உட்கார இடம் வேண்டாம் என்ற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். கையில் ஊன்றுகோல் வேறு. இடம் கொடுக்கப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. நான் நிக்கிறது என் எலும்புக்குத் தெரியணும்."

பெரியவர் விழித்தார். அருகில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த, ஊன்றுகோல்காரரின் மனைவி சொன்னாள்: "கால் ஒடிஞ்சு கூடிருச்சு. இனி பாரம் குடுக்கணுமாம். எலும்புக்குள்ள இருக்க செல்லுக, பாரம் அமுக்குறதை உணர்ந்தாத்தான் எலும்பைக் கெட்டியாக்குமாம். டாக்டரு சொன்னாக."

"எம்புட்டு பாரம்?" என்று கேட்டார் பெரியவர்.

"தாங்குற அளவு" என்றார் கணவர்.

மனைவி ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு குழந்தையை நீட்டினாள். "அப்ப இவளைப் பிடிங்க. மூணு மாசமா அத்தா தூக்கலைன்னு அழுறா."

கம்பியில் சாய்ந்தபடி மகளை வாங்கிக்கொண்டார். திருச்சுழியில் பாதி பஸ் காலியானது. அவர் உட்காரவில்லை.