அளந்த எண்ணைக் குறைக்காத அம்மையாருக்கு

மென்பொருள் முளைவிடும் முன்னரே அதன் முழுப் பருமனை அளந்து முன்னுரைத்த எங்கள் மூத்த மதிப்பீட்டாளரே! முப்பத்தொரு ஆண்டுகள் முகங்கோணாமல், உண்மையைச் சொன்னால் சில நாள் நன்றாகவே கோணி, எங்களை வழிநடத்தி இன்று பணிநிறைவு பெறும் அம்மையீர்! வணக்கம்.

எதைக் கேட்டாலும் "குறைஞ்சபட்சம்" என்று தொடங்கி இரண்டு எண்களைச் சொல்வீர்கள். அதனால் நாங்கள் வைத்த "குறைஞ்சபட்சம் மேடம்" என்ற பெயர் உங்கள் காதுக்கு என்றோ எட்டிவிட்டது, பொறுத்தருள்க!

ஆழம் தெரியாமல் காலை விட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டு. நான்கு மாதம் என்று நீங்கள் எழுதிய முதல் மதிப்பீடு பதின்மூன்று மாதங்களை விழுங்கியது. பழைய தரவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையைச் சேர்க்க மறந்திருந்தீர்கள். அந்தத் தாளை அலமாரிக் கதவிலேயே ஒட்டிவைத்து, புதிதாக வருவோரிடம், "யார் போட்டதுன்னு கேக்காதீங்க, நான்தான். எது விட்டுப்போச்சுன்னு கேளுங்க" என்பீர்கள்.

மருத்துவமனைப் பதிவு மென்பொருளுக்கு "ஒரே ஒரு திரைதான்" என்றார்கள் மருத்துவமனையார். நீங்களோ இரண்டு நாள் அங்கே காத்திருப்போர் நாற்காலியில் அமர்ந்து, தேவைப்படும் நாற்பத்து மூன்று திரைகளையும் பதினெட்டு அறிக்கைகளையும் எண்ணி வந்து, பதினொன்று முதல் பதினைந்து மாதம் என்றீர்கள். நம் இயக்குநர் ஆறு கேட்டார். "ஆறுன்னு எழுதிடலாம் சார். ஆனா அது மதிப்பீடு இல்ல, உங்க ஆசை" என்றீர்கள். உங்கள் அவ்வாண்டுப் பதவி உயர்வு கைநழுவியது. பணி பதின்மூன்றாம் மாதம் முடிந்தது. ஞாயிறுகளில் நாங்கள் எங்கள் பிள்ளைகளோடு இருந்தோம் அம்மா! அதை மறக்கவே மாட்டோம்.

இப்போது பேருந்து முன்பதிவுத் திட்டம். சென்ற வாரம் உங்களோடு உட்கார்ந்து எண்ணினோம். பத்து முதல் பதினான்கு மாதம் என்று வந்தது. நேற்று இயக்குநர் எங்கள் அறைக்கு வந்து, "மேடம் போனதும் அதை ஏழாக்கிடலாம்ல?" என்றார். எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. அது எங்களுக்கு வெட்கம்.

முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் செவிபட இன்று உரக்கப் படிக்கிறோம்: பத்து முதல் பதினான்கு மாதம். நாளை கேட்டாலும் இதுவே. நீங்கள் இல்லாத நாற்காலியைக் காட்டிக் கேட்டாலும் இதுவே!

நோயின்றி, நிறைந்த உறக்கத்தோடு, நெடுங்காலம் வாழ்க அம்மா! உங்கள் ஆயுளை மட்டும் நாங்கள் மதிப்பிடத் துணியோம்.

இம்மடலிலும் இணைப்பிலுள்ள திட்ட மதிப்பீட்டிலும் ஒருசேரக் கையொப்பமிடும்,
மென்பொருள் பிரிவு அலுவலர்கள் பதினால்வர்.