முறைக்காய்ச்சல் பாட்டுகள்

திடீரென்று எழுந்த அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டு நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். முதல் தடவை கேட்கிற எல்லோரும் அப்படித்தான். பக்கத்து வளவு மாடு ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியே விட்டது. பயப்பட ஒன்றுமில்லை, டொக்டர் ஐயா. அது பாட்டு.

கொம்பியூட்டர் தன்னிடம் இருப்பதைக் கசெற்றில் எழுதிவைத்தால் இப்படித்தான் ஒலிக்கும். நமக்குத்தான் அது கீச்சு. கசெற்றை மறுபடியும் கொம்பியூட்டருக்குப் போட்டுக் கொடுத்தால் தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொரு வரியாக எழுத்து வரும்.

நீங்கள் கேட்டது அதைப் பற்றி அல்ல என்று தெரியும். எனக்குக் குளிர்கிறதென்று போர்வை எடுக்க அலுமாரியைத் திறந்தீர்கள். போர்வைக்குக் கீழே கடதாசிப் பொட்டலங்களைக் கண்டீர்கள். நெடுந்தீவில் மருந்துக் குளிசையை அப்படி நான்கு மூலையும் உள்ளே செருகி மடிப்பவர் நீங்கள் ஒருவர்தான். நாகமுத்தருக்கென்று நீங்கள் மடித்துத் தந்த மலேரியாக் குளிசைகள் அவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அது ஏன் என்பதுதான் உங்கள் கேள்வி.

சொல்கிறேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். எனக்கு அடுத்த நடுக்கம் வர மத்தியானமாகும். நான் கணக்கு எழுதிப் பழகியவன். முதலில் இருந்து வந்தால்தான் எனக்குச் சரிவரும்.

நாகமுத்தரும் நானும் ஈரானில் ஒரே எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்தோம். நான் கணக்குக் கந்தோரில், அவர் பண்டகசாலையில். நான் கம்பனி விடுதியில் இருந்தேன். அவர் ஆற்றங்கரையில் கோஹர் என்ற பெண்ணின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தார். அந்த ஆற்றில் கடல் ஏறும்போது தண்ணீரும் ஏறும். அப்போது ஈச்சந்தோட்டத்து வாய்க்கால் மதகுகளைத் திறந்துவிடுவார்கள். மதகு திறக்கும்போது பெண்கள் பாடுகிற பாட்டுகள் உண்டு. எழுதப்படிக்கத் தெரியாத கோஹருக்கு அவை அத்தனையும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் நாகமுத்தர் அவளோடு முற்றத்தில் இருந்து பாட, நான் மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே வரும்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு அங்கே ஆட்சி மாறியது. நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். அடுத்த ஆண்டே யுத்தம் தொடங்கி, அந்த ஆற்றங்கரைக் கிராமம் ஒரு கிழமைக்குள் இல்லாமற் போனது. தோட்டமும் போனது, வீடும் போனது, கோஹரும் போனாள். அந்தப் பாட்டுகள் இருந்த கடைசி இடம் நெடுந்தீவில், நாகமுத்தரின் தலைக்குள்.

என் மனைவி காலமானதும் மகள் கனடாவுக்குப் போய்விட்டாள். நாகமுத்தர் கலியாணமே செய்யவில்லை. இந்தத் தீவில் பாரசீகம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் காதில் விழக்கூடாத எதையும் அந்தப் பாஷையில் கதைத்துக்கொள்வோம். கடைக்காரரின் நிறுவையில் இருந்து அவருடைய தங்கச்சி சிவக்கொழுந்தின் சமையல் வரை. சிவக்கொழுந்துக்கு அது பொறுக்காது.

“உங்கடை கிறீச்சு மூறீச்சுப் பாஷையிலை என்ரை கறியைத்தானே பழிக்கிறியள்? நாளைக்கு உப்பில்லாமல் வைக்கிறன், அப்ப தமிழ் தன்பாட்டிலை வரும்” என்பார்.

எண்பத்தைந்தில் மகள் அந்தக் கொம்பியூட்டரை அனுப்பினாள். அப்பா தனிய இருக்கிறார், விளையாடட்டும் என்று. அதில் பாரசீக எழுத்து இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக நானே வரைந்து உள்ளே ஏற்றினேன். அது இடமிருந்து வலமாக எழுதும், பாரசீகம் வலமிருந்து இடம். அதையும் திருப்பிவிட்டேன். ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வரும் பாட்டுகளையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தவும் அதைப் பழக்கினேன். இங்கேயும் யுத்தம் வந்து ஜெனறேற்றருக்கு எண்ணெய் வருவது நின்ற பிறகு, பழைய கார் டைனமோ ஒன்றைச் சைக்கிளில் பூட்டி, மிதித்து மிதித்துப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். பாட்டு ஒன்றுதான் இல்லை.

நாகமுத்தர் முதல் அடியைச் சொல்வார், இரண்டாம் அடியில் நின்றுவிடுவார்.

“விடும், தம்பி. அது அந்தக் கோஹர் பெடிச்சி பக்கத்திலை இருந்தால்தான் வரும். உம்மடை மெசினுக்கு முன்னாலை இருந்தால் எனக்குத் தும்மல்தான் வருகுது.”

வேண்டுமென்றே மறைக்கிறாரோ என்று சில நேரம் நினைத்ததுண்டு. பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன். மறதிதான்.

போன மார்கழியில் அவர் கிளிநொச்சிக்கு வயல் பார்க்கப் போய் மலேரியா முறைக்காய்ச்சலோடு திரும்பினார். சிவக்கொழுந்தின் வீடு ஒழுகுகிற வீடு. என் வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்தேன். முதல் நடுக்கம் வந்து காய்ச்சல் ஏறியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரு பாட்டு முழுமையாக வந்தது. நான் அந்த மதிலுக்கு வெளியே நின்று கேட்ட பாட்டு, ஒரு சொல் குறையாமல். ஓடிப்போய் றெக்கோடரை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

காய்ச்சல் விட்ட பிறகு கேட்டால், “பாடினனானோ? எனக்கு ஒண்டும் நினைவில்லை” என்றார்.

மறுநாள் உங்களிடம் வந்தேன். அந்தப் பொட்டலங்களில் முதலாவதைத் தந்தீர்கள். சைக்கிளில் திரும்பி வரும்போது கல்மதில் ஓரமாக இறங்கி நின்றேன். இன்னும் ஒரு காய்ச்சல் மட்டும் என்று நினைத்தேன். அதை யாரும் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டார்கள். பட்டணத்தில் இருந்து மருந்துப் பெட்டி வராமல் ஆட்கள் கிழமைக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது.

“குளிசை வரேல்லையாம், நாகமுத்தண்ணை. கப்பல் வந்தால் தருவினமாம்” என்று சொன்னேன்.

“வராட்டில் என்ன செய்யிறது? நீர் இருக்கிறீர்தானே” என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வேலைக்கு அதைவிட வசதியான ஒழுங்கு வேறில்லை. ஒருநாள் அவர் பாடுவார், நான் பதிவு செய்வேன். மறுநாள் அவர் களைத்து உறங்குவார், நான் கசெற்றைப் போட்டுக் கேட்டு எழுத்தில் ஏற்றுவேன். காய்ச்சல் நாளில் அவருடைய நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். கஞ்சி பருக்கினேன், உடுப்புத் தோய்த்தேன். மற்றவர்கள் பார்ப்பதைவிட நன்றாகவே பார்த்தேன். கோயிலடியில் கண்டவர்கள் கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்றார்கள். சிவக்கொழுந்து அண்ணனின் பாட்டுகள் அழியாமல் இருக்கப்போகின்றன என்று கேள்விப்பட்டு, தானே வந்து சேலையைச் செருகிக்கொண்டு அந்தச் சைக்கிளை மிதித்தார். அவர் மிதித்த மின்சாரத்தில்தான் பாதிப் பாட்டுகள் ஏறின. அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

புதுக் கசெற் வாங்க வழி இருக்கவில்லை. குரலைக் கேட்டு எழுத்தில் ஏற்றிய பிறகு, அந்தக் குரலின் மேலேயே கொம்பியூட்டரின் சத்தத்தைப் பதிந்தேன். குரல் அழியும். ஆனால் குரல் எதற்கு? சொல் நின்றுவிட்டதே.

நீங்கள் ஒருநாள் வந்து பார்த்தீர்கள், நினைவிருக்கிறதா? மாசியில். காய்ச்சல் இல்லாத நாள். கட்டிலோரம் நின்று, “நான் குடுத்துவிடுற குளிசை எல்லாம் ஒழுங்காக் குடிக்கிறீரோ?” என்று கேட்டீர்கள்.

நாகமுத்தர் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

“வாமதேவன் தாறதெல்லாம் குடிக்கிறன், ஐயா” என்றார்.

குளிசைக்கு அடங்காத மலேரியா இப்போது வந்திருக்கிறது என்று சொல்லி, நீங்கள் இன்னும் இரண்டு பொட்டலம் மடித்துத் தந்துவிட்டுப் போனீர்கள்.

அவர் அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கும் பாட்டுத்தான் பெரிதாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் அன்றைக்குப் பிறகு அத்தனை பாட்டு வந்திராது. காய்ச்சல் இல்லாத நாளிலும் வரத் தொடங்கியது. எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டு, “எழுதும், தம்பி, இது நீர் கேளாதது” என்று தானாகச் சொல்வார். மூச்சு வாங்க வாங்கச் சொல்வார். ஒரு பாட்டு முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு சுவர்ப்பக்கம் பார்ப்பார். அந்தச் சுவரோரம் இந்த அலுமாரி நிற்கிறது. நான் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அந்த நாட்களில்தான் ஐயா, என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மதிலுக்கு உள்ளே இருந்தேன். அவர் பாட நான் கேட்க, இரண்டு பேரும் ஒரே அறையில். அதற்குமேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை.

பங்குனியில் காய்ச்சல் தன் முறையை விட்டுவிட்டது. தினமும் வந்தது. கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. இனிமேல் குளிசை கொடுத்தால் நான் ஏன் முன்னரே கொடுக்கவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் நேரம் இருக்கவில்லை. அவர் ஒரு விடியற்காலையில் போனார். சிவக்கொழுந்து அழுதது போக, என் கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின் ஒருநாள் சிவக்கொழுந்து வந்து, “வாமதேவண்ணை, அண்ணையின்ரை குரலை ஒருக்காப் போடுங்கோ. கனக்க வேண்டாம், இருமினாலும் போதும்” என்று கேட்டார். என்னிடம் இருந்ததைப் போட்டேன். நீங்கள் கேட்ட அதே சத்தம். அவர் காதைப் பொத்தவில்லை. கடைசி வரை இருந்து கேட்டார்.

“இதுக்குள்ளையோ அவர் இருக்கிறார்?” என்றார். “இதுக்கோ நான் சைக்கிள் மிதிச்சனான்?”

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்துதான் திரும்ப வந்தார். நாகமுத்தரைக் கடித்த நுளம்புதான் என்னையும் கடித்திருக்கும். அவர் விட்டுப்போனதில் எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். நான் குளிசை எடுக்கவில்லை. மதிலுக்கு வெளியே நின்று கேட்டதில் ஏதாவது என் தலைக்குள்ளும் கிடக்கும், காய்ச்சலில் வரும் என்று றெக்கோடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். நடுக்கம் விட்ட பின் சிவக்கொழுந்திடம் கேட்டேன், நான் என்ன பாடினேன் என்று.

“பாட்டோ? நாகமுத்தண்ணை, நாகமுத்தண்ணை எண்டு கூப்பிட்டபடி கிடந்தியள். வேறை ஒரு சொல்லும் வரேல்லை” என்றார். உடனே எழுந்து போய் உங்களைக் கூட்டிவந்தார்.

ஆகவே பொட்டலங்களுக்கு நான்தான் பொறுப்பு. தந்தவர் நீங்கள், கொடுக்காதவன் நான். கொடுத்திருந்தால் அவர் இன்றைக்கும் கடைக்காரரைப் பழித்துக்கொண்டு இருப்பார். ஆனால் அந்தப் பாட்டுகளும் அவரோடு என்றாவது ஒருநாள் போயிருக்கும். இப்போது அவை இருக்கின்றன. ஒரு மனிதரைக் கொன்றேன் என்று நீங்கள் சொல்லலாம். ஒரு கிராமத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது கடைசிக் கசெற். நாகமுத்தர் போவதற்கு முதல்நாள், சிவக்கொழுந்து காலடியில் இருந்து பாதம் தேய்த்துக்கொண்டிருக்க, அவர் என்னைப் பார்த்துப் பாரசீகத்திலே ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சிவக்கொழுந்து என்னவென்று கேட்டதற்குப் பாட்டு என்று சொன்னேன். அது பாட்டுத்தான். அதில் ‘திற’ என்ற சொல் வருகிறது. கொம்பியூட்டரிடம் அந்தச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். மதகுப் பாட்டுகளை எல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து, அவற்றோடு இதையும் சேர்த்து நிறுத்தியது. கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அந்த அடியைத் தமிழில் சொல்லும்படி கேட்கிறீர்கள். தமிழில் சொன்னால் அதன் இசை போய்விடும். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

“எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் சொல்லி முடிச்சிட்டன், தம்பி. இனியாவது அந்த அலுமாரியைத் திறவும்.”