நாலாவது கட்டை

ஜாக்கு சறுக்கலீங்க சார். லேபர் ஆபீஸ்ல இருந்து குன்னத்தூருக்கு ஊடு தேடி வந்திருக்கறீங்க, கட்டையப் பத்திச் சொல்லிப்போடறன், கேட்டுக்குங்க.

காப்பி ஆறுதுங்க, குடிங்க. எனக்கு வேண்டாமுங்க.

பனியன் கம்பெனிகளுக்கு மெஷினு எறக்கிக் குடுக்கறதுதானுங்க நம்ம வேலை. நானு, எந்தம்பி மணியன், ஜாக்கு அடிக்கறதுக்கு ஜெபக்குமாரு. அவன் தூத்துக்குடிப் பக்கம். அன்னிக்கு வந்தது காம்பேக்டிங் மெஷினு, துணியில சுருக்கம் எடுக்கறது. நாலு டன்னுங்க. ஜாக்குல தூக்கி, நாலு மூலைக்கும் கட்டை குடுத்து உக்கார வெச்சுட்டு, அடியில போய்க் கால் போல்ட்டு மாட்டோணும்.

ஆமாங்க, மெஷினு வந்த பெட்டியோட மரந்தான். பைன் மரம். மரத்து மேல தப்பில்லீங்க. ரேகை பாத்து வெக்கோணும். ரேகைன்னா... இந்தப் பலகையப் பாருங்க, நெடுகக் கோடு ஓடுதில்லீங்க? அந்தக் கோடு மேலயுங் கீழயுமா நிக்கறாப்பல கட்டைய வெச்சா, நாலு டன்னு உக்காந்தாலும் அமுங்கறது கண்ணுக்கே தெரியாது. அதையே படுக்க வெச்சீங்கன்னா, கோட்டுக்குக் குறுக்கால பாரம் எறங்கும். பன்னு ரொட்டியாட்டம் அமுங்கிப் போயிருமுங்க.

நாலையும் படுக்க வெச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. நாலும் ஒண்ணா அமுங்கும், மெஷினு நேரா எறங்கும். மூணு நின்னு ஒண்ணு படுத்திருந்தாத்தான் வம்பு. அந்த மூலை மட்டும் எறங்கிப் போகும்.

அளந்து பாத்தமுங்க. டேப்புல நாலும் ஒரே ஒசரம். பாரம் உக்காந்தாத்தானுங்க தெரியும்.

நாலாவதுக்குத் துண்டு பத்தல. நிறுத்தி வெச்சாக் குட்டையாப் போச்சு. இன்னொண்ணு அறுக்க அஞ்சு நிமிசம் ஆகும். மொதலாளி ட்ரையல் எப்பன்னு கேட்டுட்டே நிக்கறாரு. மூணு துண்டப் படுக்கப் போட்டு அடுக்குனா ஒசரம் சரியா வந்துச்சுங்க.

மணியன் தலைய உள்ள உட்டுப் போல்ட்டுத் திருகிட்டிருந்தான். மரம் ரெண்டு தடவ கிறீச்சுன்னுச்சு. அப்பறம் மெஷினு அந்த மூலைக்குச் சாஞ்சு போச்சுங்க.

அழுகையா? வல்லீங்க. அவன் போயிப் பதினாறு நாளாச்சு. சாப்புடறன், தூங்கறன். எங்கம்மாதான் ஜெபக்குமாரு பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்துது. அவன் பொண்டாட்டி வேல்விழி நேத்து வந்து வாசல்ல நின்னுச்சு. அப்பறம் போயிருச்சுங்க. அவன் ஜெயில்ல இருக்கறான். ஜாக்கச் சட்டுனு உட்டுட்டான்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டாங்க.

எழுதிக் குடுத்தது ஆருங்களா? நாந்தானுங்க.

இல்லீங்க, மெதுவாத்தான் எறக்குனான். எறக்குறதுக்கு முன்னால ஒருக்காக் கேட்டான், எறக்கட்டுமாண்ணேன்னு. கட்டை வெச்சவனத்தானுங்க கேக்கோணும். எறக்குன்னு சொன்னனுங்க.