ஓடவிட்ட ஐந்து நிமிடம்

குழாயைத் திறந்ததும் வருகிற முதல் தண்ணீரை யாரும் பிடித்துக் குடிப்பதில்லை. நீங்களும் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பதினாறு வருஷ வேலை. ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் தேங்கிய தண்ணீரை, காலையில் யாரும் தொடுவதற்கு முன்னால், முதல் சொட்டிலிருந்தே பாட்டிலில் பிடிக்க வேண்டும். பழைய ஈயக் குழாயில் தேங்கிய தண்ணீரில்தான் விஷம் இறங்கியிருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டால் அது சாக்கடைக்குப் போய்விடும். பிறகு வருவது தெருவிலிருந்து வருகிற நல்ல தண்ணீர்.

என் அக்கா தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்தில், நான்கு வருஷத்துக்கு முன்பு முறைப்படிதான் பிடித்தேன். பத்துக்குள் இருக்க வேண்டிய ஈயத்தின் அளவு தொண்ணூற்றிரண்டு வந்தது. அந்த வருஷம்தான் கூரை ஒழுகுகிறது என்று பள்ளியையே மூடப் பார்த்தார்கள். அக்கா செருப்புத் தேய அலைந்து அதைக் காப்பாற்றியிருந்தாள்.

"இன்னொரு குறை சொன்னாங்கன்னா இழுத்து மூடிடுவாங்கடா. இத்தனை பசங்களும் எங்க போவாங்க?" என்று அந்தச் சமயத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தண்ணீரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. விசாரணை என்று அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

முதல் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மறுநாள் போய், ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தேன். நான்கு வந்தது. நான்கு என்றே எழுதினேன். எவ்வளவு நேரம் ஓடவிட்டாய் என்று கேட்கிற கட்டமே படிவத்தில் கிடையாது. அடுத்த விடுமுறையில் குழாயை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாதபோது யார் மாற்றுவார்கள் என்று நினைத்தேனோ, தெரியவில்லை.

என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தனுப்பினேன். "ஸ்கூல் தண்ணியக் குடிக்காதம்மா" என்று சொல்லிவைத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

அக்கா மகனும் அதே வகுப்பு. வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பேர். வாயைத் திறந்தால் மூடமாட்டான். விளையாடி முடித்ததும் பள்ளிக் குழாயில் வாயை வைத்து வயிறு முட்டக் குடிப்பான். "மாமா, உங்க மெஷின்ல என் எச்சிலப் போட்டா என்ன நம்பர் வரும்?" என்பான். எனக்கு அவன் மேல் உயிர்.

இரண்டாம் வருஷம் அடிக்கடி வயிறு வலிக்கிறது என்றான். மூன்றாம் வருஷம் படித்த எழுத்துகள் மறந்துபோயின. அப்புறம் பேச்சு குறைந்தது. அக்கா என்னிடம்தான் வந்து அழுதாள்.

"ஒரு நிமிஷம் சும்மா இருடான்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்ப கூப்பிட்டாக்கூடப் பேசமாட்டேங்கிறான்டா."

எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை. அடுத்த சோதனைக்கும் ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். அவனுக்கும் ஒரு பாட்டில் கொடுக்கலாமே என்று நினைக்காத நாள் இல்லை. கொடுத்தால் எதற்கு என்று அக்கா கேட்பாள். மற்ற முந்நூறு பிள்ளைகளின் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அது ஒருவகையில் சௌகரியமாக இருந்தது.

போன மாதம் காய்ச்சலில் படுத்தேன். எனக்குப் பதிலாகப் போன பெண் முதல் சொட்டிலிருந்து பிடித்துவிட்டாள். தண்ணீரிலும் பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் இருப்பது வெளியே வந்தது; மீதி உங்களுக்குத் தெரியும். குழாயை மாற்றலாம், பிள்ளைகள் இழந்தது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று என் மகள் கேட்டாள்: "ரேடியோவுக்கும் ஒரு பாட்டில் குடுத்திருக்கலாமேப்பா?"

"எனக்குத் தோணலம்மா" என்றேன்.

நான் எழுதிய எண்களை எடுத்துப் பாருங்கள், ஒன்றுகூடத் தப்பில்லை. இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் நேற்று என் மகளிடம் சொன்ன அந்த ஒன்றுதான்.