செவ்வாய்க்கிழமை குறைந்த மின்னல்கள்

— …எண்ணெய்த் தொட்டியில ஒரு நாளைக்கு மின்னல் அறுநூத்திப் பன்னண்டு, ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு, அறுநூத்தி மூணு. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வெறும் நானூத்தி அம்பது சொச்சம்! நாரி அக்கா, சத்தியமா நான் எதையும் தொடல.

— நீ தொடலைன்னு சொன்னாத்தான், தேயோ, எனக்குச் சந்தேகமே வருது. எண்ணெய் கசியுதா?

— ஒரு சொட்டு இல்ல. மின்னலை எண்ணுற ஒளிக்குழாய் அத்தனையும் முழிச்சிட்டுதான் இருக்கு. தூங்கினது நான் மட்டும்.

— அப்போ கருவி சரி. மலைக்கு அந்தப் பக்கம் ஆறு அணு உலை. அதுலேர்ந்து மலையையே மதிக்காம புகுந்து வந்து தொட்டியில மின்னுற எதிர்நியூட்ரினோத் துகள் நாலுல ஒரு பங்கு குறைஞ்சிருக்குன்னா…

— நமக்குக் கிட்ட இருக்கிற மூணாவதோ நாலாவதோ நின்னுபோச்சு! அக்கா, பலகையில எழுதிடவா?

— டேய் இரு! எழுதினா அழிக்க முடியாது. முதல்ல நம்ம முடிவு, கையெழுத்து. அப்புறம்தான் எந்த உலை ஓடுச்சுன்னு உலைக்காரங்க வாராவாரம் ஒட்டி அனுப்புற கடிதத்தைப் பிரிக்கணும். தப்பாப் போச்சுன்னா நாளைக்கே தொட்டியைக் கழட்டிடுவாங்க. கூடவே என் முனைவர் பட்டத்தையும்.

— தொட்டியைத் தொடங்கினப்போ, நல்லா ஓடணும்னு நம்ம ஊர் வழக்கப்படி சிரிச்ச முகமாப் பார்த்து ஒரு பன்னித் தலை வெச்சுக் கும்பிட்டோமே. அது சிரிச்ச சிரிப்புக்காவது எழுதுங்கக்கா!

— குடு பேனாவை. ‘உலை ஒன்று நின்றது, செவ்வாய்.’ போட்டாச்சு. பிரி, பிரி!

— ‘இவ்வாரம் முழுவதும் ஆறு உலைகளும் முழுத் திறனில் இயங்கின.’ முத்திரை வேற குத்தியிருக்காங்க.

— …தேயோ, ஒரு அட்டைப்பெட்டி எடுத்துட்டு வா. என் சாமானைக் கட்டணும்.

— இன்னிக்கு வியாழன்தானே, அதுக்குள்ள வாரம் எப்படி முழுசாச்சு? இருங்க, எழுதினவர்கிட்டயே கேக்குறேன். ஹலோ, பாங் ஐயா! மலைச் சுரங்கத்துலேர்ந்து பேசுறோம்.

— யாரு, எண்ணெய்த் தொட்டிப் பிள்ளைங்களா? சூசோக் அறுவடைப் பண்டிகை லீவுல கூடவா! நான் மாமியார் வீட்டுல கொழுக்கட்டை சாப்பிட்டுட்டிருக்கேன்.

— இந்த வாரக் கடிதத்தை எப்போங்கய்யா எழுதுனீங்க?

— போன சனிக்கிழமையே. லீவுக்கு முன்னாடி வேலையை முடிக்க வேணாமா? உலை எங்க எழுந்து ஓடப்போகுது?

— ஐயா, நாரி பேசுறேன்! கொழுக்கட்டையைக் கீழ வைங்க. உலைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க, நாங்க லைன்லயே இருக்கோம்.

— அக்கா, போனைப் பிடுங்கினது சரி, என் விரலை விடுங்க.

— இரும்மா, கேட்டுட்டேன்… ஏய், நாலாவதை செவ்வாய்க்கிழமை காலையிலயே நிறுத்திட்டாங்களாம்! எங்கிட்டயே யாரும் சொல்லல. உங்ககிட்ட யாருப்பா சொன்னது?